குளிர் தெரியாத கால்

1

ஆறு குளிர்காலம் கூட்டத்தோடு கூட்டமாக யோகா செய்துவிட்டு, இந்த ஜனவரியில் தனி வகுப்புக்கு மாறினேன். மாறியதற்கு நான் சொல்லிக்கொண்ட காரணம் தவறு என்று தெரிந்து இன்றோடு மூன்று நாள் ஆகிறது. இன்னும் படபடப்பு அடங்கவில்லை. கோயம்புத்தூரிலும் ஈரோட்டுப் பக்கத்திலும் இருக்கிற என் சொந்தக்காரர்களும் சிநேகிதிகளும் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும் என்பதால், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

நான் இருப்பது கனடாவில், எட்மண்டன் நகரத்தில். வந்து இருபத்தொரு வருடம் ஆகிறது. குடிநீர் ஆய்வகம் ஒன்றில் அளவுகளைப் பதியும் வேலை. கணவருக்கு வடக்கே எண்ணெய் வயலில் வேலை. இருபது நாள் அங்கே, எட்டு நாள் வீட்டில். மகள் தாரிணி கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ஆனால் அவள் கீழ்த்தளத்து அறையிலிருந்து “சாப்பாடு ரெடியா?” என்று போனில் செய்தி அனுப்புவாள். நானும் போனிலேயே “ரெடி” என்று பதில் போடுவேன். நடுவில் இருப்பது பதின்மூன்று படிகள்.

2

எங்கள் பகுதிப் பொதுக்கூடத்தில் வாரம் இரண்டு நாள் மாலையில் யோகா வகுப்பு நடக்கிறது. கோடையில் பதினைந்து பேர் வந்தால் அதிகம். புத்தாண்டு பிறந்ததும் உடம்பைக் குறைக்கத் தீர்மானம் செய்தவர்கள் எல்லோரும் வந்துவிடுவார்கள். இந்த வருடம் முப்பத்தெட்டு பேரை எண்ணினேன். வாசலில் நனைந்த பூட்ஸ்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். கோட்டுகளுக்கு ஆணி போதாமல் பாதி தரையில் கிடக்கும். விரிப்புக்கும் விரிப்புக்கும் நடுவே நான்கு விரற்கடை இடைவெளி. கையை விரித்தால் இந்தப் பக்கம் ஒருவர் காது, அந்தப் பக்கம் இன்னொருவர் மூக்கு. சன்னல் கண்ணாடியில் எல்லோருடைய மூச்சும் தண்ணீராக வழியும்.

வகுப்பு முடியப்போகும் நேரத்தில் ஆசிரியை விளக்கைக் குறைத்துவிட்டு ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வார். கோடையில் எனக்கு அதில் சிரமமே இல்லை. ஒன்பது மணி வரை வெளியே வெளிச்சம் இருக்கும். ஜனவரியில் நாலரைக்கே இருட்டிவிடும். அன்று விளக்கு குறைந்ததும் நான் சரிந்தேன். பக்கத்தில் நின்ற பெரியவர்மேல் விழுந்தேன், அவர் அவருக்கு அடுத்த பெண்மேல் விழுந்தார். மூன்று பேரும் ஒரே விரிப்பில் கிடந்தோம். அந்தப் பெரியவர், “பரவாயில்லை, இந்த மாதம் என்னை யாரும் கட்டிப்பிடிக்கவே இல்லை” என்றார். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் அது நான் மூன்றாவது முறையாக விழுந்தது. மூன்று தடவையும் கூட்ட நெரிசலின்மேல்தான் பழியைப் போட்டேன்.

வகுப்பிலிருந்து பெயரை நீக்க ஒரு படிவம் நிரப்ப வேண்டும். காரணம் என்ற இடத்தில் நான்கே தேர்வுகள்: வீடு மாற்றம், உடல்நலம், நேரமின்மை, பிற. நான் ‘பிற’ என்பதைத் தொட்டு, ‘கூட்டம் மிக அதிகம்’ என்று எழுதினேன். மறுநாள் அலுவலகத்துப் பெண் போன் செய்தாள். ‘பிற’ என்றால் மேலதிகாரி பார்க்க வேண்டும், இரண்டு வாரம் ஆகும். ‘உடல்நலம்’ என்றால் ஒரு மருத்துவர் கடிதம் போதும், உடனே முடிந்துவிடும் என்றாள்.

“உடல்நலக் காரணம் ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டாள்.

“இல்லவே இல்லை. எனக்கு ஒன்றுமில்லை” என்று சொல்லி இரண்டு வாரம் காத்திருந்தேன்.

3

தனி வகுப்புக்குக் கோவையிலிருக்கும் சிநேகிதி ஒருத்தி ஆள் சொன்னாள். பெயர் யாஸ்மின். உக்கடத்துப் பக்கம் வீடு. முப்பத்தைந்து வயது இருக்கும். காலையில் நேரில் நான்கு வீடுகளுக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்கிறார். அதற்கு முன்னால் வெளிநாட்டுக்காரர்களுக்குக் கணினி வழியாக ஒரு வகுப்பு. அவருக்குக் காலை ஆறரை என்றால் எனக்கு முந்தின நாள் மாலை ஆறு. விரிப்பைச் சுற்றி எட்டடிக்கு யாரும் இல்லை. என் வீட்டு வரவேற்பறை, என் ஹீட்டர், என் வெளிச்சம். ஏதோ பெரிய வசதி கிடைத்துவிட்டதுபோல இருந்தது.

தம்பி முருகேசனிடம் சொன்னேன். அவன் அந்தியூர்ப் பக்கம் எங்கள் ஊரிலேயே இருக்கிறான். மஞ்சள் மூட்டை ஏற்றி ஈரோட்டுக்கு டெம்போ ஓட்டுகிறான். என்னைவிட ஐந்து வயது இளையவன்.

“ஏனுங்கக்கா, மூச்ச இழுத்து உடறதுக்குக்கூடத் தனி டியூசனுங்களா?”

“கூட்டத்துல உழுந்துபோட்டேன் கண்ணு.”

“நீங்க உழுந்தீங்களா, உங்க மேல ஆராச்சும் உழுந்தாங்களா?”

“நாந்தான் உழுந்தேன்.”

“நல்லாருக்குது போங்க. பனிக்கட்டி மேல வெறுங்கால்ல நிக்கறவீங்க, ஊட்டுக்குள்ளார வழுக்கி உழுந்துட்டீங்களாக்கும்!”

அவன் சொன்னது இரண்டு வருடத்துக்கு முந்தைய கதை. வீட்டுக்குப் பின்னால் முழங்காலளவு பனி. வெளியே மைனஸ் பத்தொன்பது. நான் வெறுங்காலோடு இறங்கி ஒரு நிமிடம் நின்று, தாரிணியைப் படம் எடுக்கச் சொல்லிக் குடும்பக் குழுவில் போட்டேன். ஊரே கொண்டாடியது. ‘குண்டம் எறங்கற வம்சம், பனியெல்லாம் எம்மாத்திரம்’ என்று முருகேசன் எழுதினான்.

எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் மாசியில் குண்டம். வேண்டுதல் வைத்தவர்கள் காப்புக் கட்டி விரதமிருந்து, நெருப்புக் கங்குகள்மேல் நடப்பார்கள். முருகேசன் வருடம் தவறாமல் இறங்குகிறவன். போன வருடம் இறங்கிவிட்டு வந்து என்னிடம் போனில் அழுதான். “அக்கா, பூ மேல நடந்தாப்பல இருந்துச்சுங்கக்கா. இத்தன வருசத்துல இப்பத்தான் ஆத்தா என்னைய முழுசா ஏத்துக்கிட்டா.” நானும் அழுதேன். அன்றைய நாட்குறிப்பில் அதை அப்படியே எழுதிவைத்தேன்.

“இந்த வருசமும் எறங்கறேனுங்க. காப்புக் கட்ட இன்னும் நெம்ப நாள் இல்ல” என்றான் அன்று.

4

முதல் தனி வகுப்பில் யாஸ்மின் ஒரு ஆசனமும் சொல்லித்தரவில்லை. தூக்கம், சாப்பாடு, சர்க்கரை என்று கேள்விகளாகக் கேட்டார். “பார்டரில் இருக்கிறது” என்றேன். ஏழு வருடமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கடைசியாகப் பரிசோதித்து நான்கு வருடம் ஆகிறது என்பதைக் கேட்ட பிறகே சொன்னேன்.

“சரிங்க அக்கா. ரெண்டு காலையும் சேர்த்து நில்லுங்க. நின்னுட்டீங்களா? இப்பக் கண்ண மூடுங்க.”

மூடினேன். தரை என்னை விட்டு நழுவியது. சோபாவைப் பிடித்துக்கொண்டேன்.

யாஸ்மின் சிரிக்கவில்லை. “இன்னொருக்கா. சோபாவப் புடிச்சுக்கிட்டே மூடுங்க” என்றார். மறுபடியும் அதேதான். கண்ணைத் திறந்து காலைப் பார்த்தால் நிற்க முடிகிறது. மூடினால் முடியவில்லை.

“ஊட்டுல வேற ஆராச்சும் இருக்காங்களா?”

தாரிணிக்குச் செய்தி அனுப்பினேன். ஒரு காதில் மட்டும் இயர்போனை எடுத்துவிட்டு மேலே வந்தாள். யாஸ்மின் அவளிடம், காது துடைக்கிற பஞ்சுக் குச்சியால் என் ஒவ்வொரு விரலையும் பிறகு உள்ளங்காலையும் தொடச் சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டு, தொடும்போதெல்லாம் ‘ம்’ சொல்ல வேண்டும்.

நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். என் பாதத்தின் முன்னால் என் மகள் தரையில் உட்கார்ந்திருக்கிறாள் என்ற நினைப்பே கூச்சமாக இருந்தது. ஹீட்டர் ஓடும் சத்தம் கேட்டது. காத்திருந்தேன்.

“ஆரம்பி கண்ணு” என்றேன்.

காலை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினேன்.

“ஆரம்பிக்கச் சொன்னேனே.”

“முடிச்சிட்டேன்மா” என்றாள் தாரிணி. “ரெண்டு காலும் முடிச்சிட்டேன்.”

“விளையாடாதே.”

“நான் விளையாடல. ஃபர்ஸ்ட் மெதுவா தொட்டேன். அப்புறம் அழுத்தினேன். நீ ஒண்ணுமே சொல்லல.”

கண்ணைத் திறந்தேன். மற்றக் காதின் இயர்போனும் தரையில் கிடந்தது. பஞ்சுக் குச்சியின் தண்டு நடுவில் மடங்கியிருந்தது. பொய் சொல்கிற பிள்ளையின் முகம் எனக்குத் தெரியும். அது அந்த முகம் இல்லை.

யாஸ்மின் மெதுவாகப் பேசினார். “கண்ணு, அம்மா காலத் திருப்பிக் கேமராவுல காட்டு. விரலுக்கு நடுவாலயும் பாரு.”

தாரிணி வலது காலின் சுண்டுவிரலையும் அதற்கு அடுத்ததையும் விலக்கினாள். கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். விரலிடுக்கில் சிறிய நாணயத்தின் அகலத்துக்குத் தோல் கறுத்திருந்தது. தினமும் குளிக்கிறேன், தினமும் சாக்ஸ் மாட்டுகிறேன். நான் அதைப் பார்த்ததே இல்லை. வலித்திருந்தால்தானே பார்ப்பதற்கு!

“அக்கா, நான் டாக்டர் இல்லீங்க. ஆசனமெல்லாம் இப்ப வேண்டாங்க. நாளைக்கே காட்டீருங்க, தள்ளிப்போடாதீங்க” என்றார் யாஸ்மின். பிறகு, அவருக்கே பயம் வந்ததுபோல, “முப்பது பேரு நிக்கற வகுப்புன்னா எனக்கும் இது தெரிஞ்சிருக்காதுங்க. நல்லாத்தான் நிக்கறீங்கன்னு அடுத்த ஆளுகிட்டப் போயிருப்பேன்” என்றார்.

5

மருத்துவமனையிலும் ஒரு படிவம். முதல் கேள்வியிலேயே எனக்குத் தடுமாற்றம். வரவேற்பில் இருந்தவரிடம் ‘கால்’ என்று நினைத்து ஆங்கிலத்தில் ‘லெக்’ என்று சொல்லிவிட்டதில், அவர் தொடையிலிருந்து முழுக்காலும் மரத்துவிட்டது என்று பதிந்து சக்கர நாற்காலி கொண்டுவரச் சொல்லிவிட்டார். இருபத்தொரு வருடம் கழித்தும் அவசரத்தில் நாக்கு வீட்டு மொழியில்தான் யோசிக்கிறது. பாதம் மட்டுமே என்று விளக்கி நாற்காலியைத் திருப்பி அனுப்பினேன்.

செவிலியர் ஒரு மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் பத்து இடம் தொட்டார். வலது காலில் ஒன்றுமே தெரியவில்லை. இடது காலில் இரண்டு இடம் தெரிந்தது. சர்க்கரை பார்டரைத் தாண்டி எத்தனையோ நாள் ஆகியிருக்க வேண்டும், அதுதான் பாதத்து நரம்புகளைக் கெடுத்திருக்கிறது என்றார் மருத்துவர். விரலிடுக்கில் இருப்பது பனிக்கடி, இந்தக் குளிரில் எனக்கே தெரியாமல் தோல் உறைந்து செத்துப்போயிருக்கிறது. வாரம் ஒருமுறை வரச் சொன்னார். சுண்டுவிரல் நிலைக்குமா என்று இப்போது சொல்ல முடியாதாம். ‘இப்போது’ என்பதை அவர் இரண்டு தடவை சொன்னார்.

படிவத்தின் கடைசிக் கேள்வி: உணர்வு குறைந்ததை முதலில் கவனித்தது எப்போது? நாளும் நேரமும் வெப்பநிலையும் எழுதிவைக்கிற எனக்கு அது ஒரு கேள்வியா? வீட்டுக்கு வந்து ஆறு வருடத்து நாட்குறிப்புகளை மேசையில் அடுக்கிவைத்துக்கொண்டு படித்தேன். முதல் இரண்டு வருடத்தில் பக்கத்துக்குப் பக்கம் ‘விரல் எரிகிறது’, ‘இரண்டு சாக்ஸ் போட்டும் தாங்கவில்லை.’ பிறகு அந்த வரிகள் குறைகின்றன. மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு ஜனவரியில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: ‘காலை −24. பேருந்து தாமதம், 17 நிமிடம் நின்றேன். காலில் குளிர் தெரியவே இல்லை. இந்த ஊர் பழகிவிட்டது.’

பழகிவிட்டது என்பதற்குக் கீழே கோடு வேறு போட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு அந்த வாக்கியம் பதினான்கு இடத்தில் வருகிறது. எண்ணிப் பார்த்தேன். ஊருக்கு எழுதிய கடிதங்களிலும் சொந்தக்காரர்கள் குழுவிலும் அதையேதான் சொல்லியிருக்கிறேன். புதிதாக வருகிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு, “கொஞ்ச வருசம் பல்லக் கடிச்சுக்கோங்க, அப்பறம் குளிரே தெரியாது” என்று புத்தி சொல்லியிருக்கிறேன். படிவத்தை நிரப்பாமல் வைத்துவிட்டு வெகுநேரம் என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவருடைய கால்கள் போலத்தான் இருந்தன.

அப்புறம் அப்பா ஞாபகம் வந்தது. அப்பா பண்ணையத்தில் கூலி வேலை செய்தவர். ஊர்த் தெரு வந்தால் எங்கள் ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டிய காலம். கழற்றிக் கழற்றி மாட்டுவதற்கு அது எதற்கு என்று அவர் செருப்பு வாங்குவதையே விட்டுவிட்டார். ஒருநாள் மண்வெட்டி பட்டுக் குதிகால் பிளந்து, வாய்க்கால் வரப்பு முழுக்க ரத்தத்தில் தடம் பதிந்திருக்க, பக்கத்தில் வெட்டிக்கொண்டிருந்தவர் சொல்லித்தான் அப்பா குனிந்து பார்த்தாராம். ‘இரும்புக் காலு’ என்று எங்கள் வீட்டில் அதைப் பெருமையாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். ஐம்பத்தெட்டு வயதில் ஆறாத கால்புண்ணில் அப்பா போனார். அந்தச் சிரிப்பையும் அந்தப் புண்ணையும் நான் இதுவரை சேர்த்துப் பார்த்ததில்லை. அப்பாவுக்கு யாரும் எந்தப் பரிசோதனையும் செய்ததில்லை. உறுதியாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

ஆனால் முருகேசன் இருக்கிறான். பூ மேல நடந்தாப்பல இருந்துச்சு என்றானே! நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

6

அன்று சனிக்கிழமை மாலை ஆறரை. ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு. வீடியோவில் கூப்பிட்டேன். தாரிணி தானாகவே மேலே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முருகேசன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி பூங்கொடியையும் கூப்பிடச் சொன்னேன். நடந்ததை எல்லாம் சொன்னேன்.

“அக்கா, உங்க ஊர்ப் பனி வேற, எங்க ஊரு வேறங்க. எனக்குச் சுகருமில்ல, ஒண்ணுமில்ல.”

“பாத்தியா?”

“பாக்கலீங்க. இருந்தாத்தானுங்க பாக்கோணும்!”

“மாமா, ரெண்டு நிமிஷம்தான். கண்ண மூடுங்க” என்றாள் தாரிணி. “அத்தை, ஒரு குச்சி எடுத்துட்டு வாங்க. மெல்லிசா.”

“மருமகளே சொல்லிட்டா, செஞ்சுபோடுவோம்” என்று முருகேசன் காலை நீட்டிக் கண்ணை மூடினான். “தொட்டா ‘ம்’ சொல்லோணும், அவ்வளவுதான? ம்… பெருவெரலு. ம்… இப்பக் குதிங்காலு. போதுங்களா?”

பூங்கொடி வாசலிலிருந்து தென்னை ஈர்க்குச்சி ஒன்றோடு அப்போதுதான் திரும்பி வந்துகொண்டிருந்தாள். “ஏனுங்க, நான் இன்னும் கிட்டயே வல்லீங்க! ஆரு தொட்டாங்க உங்கள?”

எல்லோரும் சிரித்துவிட்டோம். அவன்தான் அதிகமாகச் சிரித்தான். “சரி சரி, இப்பத் தொடு” என்று மறுபடி கண்ணை மூடினான்.

பூங்கொடி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். போனைச் சுவரில் சாய்த்து வைத்திருந்ததால் எங்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பெருவிரலைத் தொட்டாள். அடுத்த விரல். அடுத்தது. உள்ளங்காலின் நடுவில் குத்தினாள். ஈர்க்குச்சி வில்லாக வளைந்தது. அவன் புன்சிரிப்போடு கண்ணை மூடிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் சாய்த்துக் காத்திருந்தான்.

தாரிணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“என்ன அம்மணி, இன்னும் குச்சியத் தேடறயா?” என்றான்.

பூங்கொடி குச்சியை உடைத்துப் போட்டுவிட்டு அவன் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். “அண்ணி, போன வருசம் குண்டம் எறங்கி வந்து காலெல்லாம் கொப்புளமுங்க. ஒடஞ்சு ரெண்டு மாசம் சீழ் வெச்சுது. தெனமும் நாந்தான் தொடச்சு மஞ்சப் பத்துப் போட்டேன். கையப் புடுச்சுக் கேட்டேனுங்க, வலிக்கலையா வலிக்கலையான்னு. ஆத்தா இருக்கறப்ப என்ன வலின்னாருங்க. நானும் நம்புனேனுங்களே.”

முருகேசன் கண்ணைத் திறந்தான். மடியில் கிடந்த காலைப் பார்த்தான். தரையில் கிடந்த உடைந்த குச்சியைப் பார்த்தான்.

“இந்தக் காலுலதான் பிரேக்க மிதிக்கறாருங்க அண்ணி” என்றாள் பூங்கொடி.

நான் மருத்துவர் சொன்னதையெல்லாம் அடுக்கினேன். நாளைக்கே ஈரோட்டுக்குப் போ, வெறும் வயிற்றில் ரத்தம் கொடு, அதுவரைக்கும் வண்டி எடுக்காதே, இந்த வருடம் குண்டத்தில் இறங்கவே கூடாது, வேறு என்ன வேண்டுதல் வேண்டுமானாலும் செய்யலாம் என்றேன். “காப்புக் கட்டறதுக்குப் பதினோரு நாள்தான் இருக்குதுங்க. பேரு குடுத்தாச்சுங்க” என்றான். சண்டை போடும் குரல் இல்லை அது. எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான். இப்போது கத்துவான், இல்லாவிட்டால் கேலி செய்வான் என்று இரண்டுக்கும் தயாராக இருந்தேன்.

அவன் வேறு ஒன்று கேட்டான்.

“அக்கா… அப்பப் போன வருசம் எறங்குனப்ப எனக்குச் சுடவே இல்லீங்களே. அது ஆத்தா இல்லீங்களா?”

அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவனுக்கு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னவள் நான்தான். பத்தாவதுக்குப் பிறகு எந்தப் பாடம், எந்த வண்டி வாங்குவது, பெண் பார்க்கப் போகும்போது என்ன சட்டை, எல்லாம்.

“தெரியலீங் கண்ணு” என்றேன்.

பூங்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஈரோட்டு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முருகேசன் அவள் மடியிலிருந்து காலை எடுத்துத் தரையில் வைத்தான். கட்டிலைப் பிடித்து எழுந்தான். தலையைக் குனிந்து, வலது கால் எங்கே விழுகிறது, இடது கால் எங்கே விழுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து வைத்து, திரையை விட்டு வெளியே நடந்து போனான்.